அச்சிலிருந்து திரும்பும் மண்குழம்பு

(தோட்டக் கைத்தொழில் வகுப்பொன்றில் தகவல் பகுதி அதிகாரி நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இம்மண்டபத்தின் பின்புறத்தில் நிற்கும் மூன்று நீலப் பீப்பாய்களைப் பற்றிப் பேசவே இன்று வந்துள்ளேன். அவற்றுள் இருப்பது வார்ப்பு மண்குழம்பு. வகுப்புத் தொடங்கிய நாளில் அது வழவழவென்று ஓடியது. இப்பொழுதோ கூழைப்போல் தடித்துவிட்டது. கொட்டிவிட்டுப் புதிதாக வாங்கலாமா என்று உங்கள் குழுவின் தலைவியார் கேட்டிருந்தார். கொட்ட வேண்டாம் என்பதே என் விடை. ஏன் கொட்டலாகாது, கொட்டாமல் அதனை என்ன செய்வது என்பனவற்றைச் சற்று விரிவாகச் சொல்லுதல் வேண்டும்.

நான் குயவன் அல்லேன். ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பின்னர்த் தகவல் பகுதிக்கு வந்தவன். கைவினைப் பயிற்றுநர்களைக் கேட்டும், பட்டறைகளில் நின்று பார்த்தும், பிளாஸ்டர் அச்சைக் கையால் தூக்கிக் கவிழ்த்தும் அறிந்தவற்றையே இங்குக் கூறுகின்றேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்கள் பூச்சாடி அச்சு 2 லிட்டர் குழம்பு கொள்ளும். அச்சு நிறைய ஊற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் காத்திருக்கின்றீர்கள். பிளாஸ்டர் பஞ்சைப்போல் நீரை உறிஞ்சுகின்றது. உட்சுவரில் மண் ஒரு தோலாகப் படிகின்றது. அத்தோல் 4 அல்லது 5 மில்லிமீட்டர் தடித்தவுடன், எஞ்சிய குழம்பைக் கவிழ்த்து வடித்துவிடுகின்றீர்கள். வடிந்து வருவது எவ்வளவு? ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். ஊற்றிய நான்கு பங்கில் மூன்று பங்கு திரும்பி வந்துவிடுகின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். இதனைத் தவிர, வாய் விளிம்பைச் சீவும்போது விழும் துண்டு, அச்சிலிருந்து எடுக்கும்போது கோணிப்போன சாடி, காயும்போது வெடித்த விளக்கு ஆகியவையும் உண்டு. சூளைக்குள் போகும்வரை இவற்றுள் ஒன்றேனும் நட்டமன்று. சூளையிலிருந்து வெளிவந்த பிறகுதான் மண் மீண்டும் மண்ணாகாது.

ஆகவே, இத்தொழிலில் கையில் காசு நிற்பதும் நில்லாததும் விற்பனையை மட்டும் பொறுத்ததன்று. திரும்பி வரும் குழம்பை நாம் எப்படி நடத்துகின்றோம் என்பதையும் பொறுத்தது. மழை நாளில் பால்வெட்டு இல்லை. இலையுதிர் காலத்தில் பால் குறைகின்றது. அந்நாட்களில் அகல்விளக்கும் பூச்சாடியும் செய்து நாலு வெள்ளி தேடலாம் என்றுதானே இவ்வகுப்பில் சேர்ந்தீர்கள்? வாங்கிய மண்ணில் பாதியைக் கால்வாயில் கொட்டினால், அந்த நாலு வெள்ளியும் கால்வாயோடு போய்விடும்.

மண்பாண்டத்திற்கும் ரப்பருக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. பிளாஸ்டிக் மங்கு வருவதற்கு முன்னர் உங்கள் பாட்டனாரும் பாட்டியாரும் மரத்தில் வைத்தது மெருகிட்டுச் சுட்ட மண் மங்கே. ஜொகூர் ஆயர் ஈத்தாம் வட்டாரத்துச் சூளைகளிலும், சிங்கப்பூர் ஜூரோங்கில் 1940ஆம் ஆண்டு கட்டப்பட்ட நீண்ட டிராகன் சூளையிலும் தோட்டங்களுக்கென்று மங்குகள் சுடப்பட்டன. இன்று இந்நாட்டுத் தொழிற்சாலைகளில் ரப்பர்க் கையுறை செய்வதற்குப் பீங்கானாலான கைகளைப் பாலில் தோய்த்து எடுக்கின்றார்கள் அல்லவா? அப்பீங்கான் கைகளும் பிளாஸ்டர் அச்சில் மண்குழம்பை ஊற்றி வார்க்கப்படுபவையே. உங்கள் பிள்ளைகளுள் சிலர் அத்தொழிற்சாலைகளில் வேலை செய்யலாம், கேட்டுப் பாருங்கள்.

1877ஆம் ஆண்டில் ரப்பர்க் கன்றுகள் நடப்பெற்ற கோலகங்சார் நகருக்கு எதிரே, பேராக் ஆற்றின் மறுகரையில் சாயோங் என்னும் ஊர் இருக்கின்றது. சுரைக்காய் வடிவில் கறுப்பாக இருக்கும் ‘லாபு சாயோங்’ என்ற நீர்க்குடம் அவ்வூரின் பெயரால் வழங்குவது. சுட்ட சூடு ஆறுமுன் உமியில் இட்டு அதனைக் கறுக்கச் செய்வார்கள். மலாய்ப் பெண்மணிகள் கையாலேயே வனைந்து வந்த அக்குடத்தை இப்பொழுது பலர் பிளாஸ்டர் அச்சில் வார்க்கின்றனர். கையால் வனைவதைக் காட்டிலும் அது விரைவானது. புதியவரும் சில கிழமைகளில் கற்றுக்கொள்ளக்கூடியது. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பொங்கல் பானை வனையும் நம் குடும்பங்களின் சக்கர வேலைக்குப் பல்லாண்டுப் பழக்கம் வேண்டும். அச்சு வேலைக்கு அவ்வளவு பழக்கம் வேண்டுவதில்லை. ஆனால் சக்கரத்தில் கை செய்யும் வேலையை இங்கே குழம்பு செய்கின்றது. ஆதலின் குழம்பு சரியாக இருத்தல் வேண்டும்.

இனி, குழம்பு ஏன் தடிக்கின்றது என்பதைப் பார்ப்போம். உங்கள் தொழிலைக் கொண்டே இதனை விளக்கலாம்.

மங்கில் வடியும் பாலில் ரப்பர்த் துகள்கள் நீரில் மிதக்கின்றன. துகள்கள் அனைத்தும் ஒரேவகை மின்னேற்றம் உடையவை. ஆகவே அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகி நிற்கின்றன, பால் ஓடுகின்றது. அமோனியாச் சேர்த்தால் அந்நிலை நீடிக்கின்றது. பார்மிக் அமிலம் சேர்த்தால் அத்தள்ளுகை அற்றுப்போகின்றது. துகள்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன. தொட்டியில் பால் உறைகின்றது.

மண்குழம்பும் இத்தகையதே. ஒரு லிட்டர் நல்ல குழம்பில் ஏறத்தாழ 1,200 கிராம் மண்ணும், அரை லிட்டருக்குச் சற்றே மேற்பட்ட நீரும் உள்ளன. இவ்வளவு குறைந்த நீரில் இவ்வளவு மண்ணைக் கரைத்தால் பிசைந்த மாவைப்போல் அல்லவா இருக்கவேண்டும்? அவ்வாறின்றி அது ஓடுவதற்குக் காரணம், அதனுள் சேர்த்துள்ள சிறிதளவு மருந்து. சோடியம் சிலிகேட், சோடா ஆஷ் ஆகியவை பழைய மருந்துகள். இக்காலத்தில் வேறு சில இரசாயனங்களும் கிடைக்கின்றன. அவை மண் துகள்களை ஒன்றையொன்று தள்ளி நிற்கச் செய்கின்றன. இதனை நாம் ‘இளக்கு மருந்து’ என்று வைத்துக்கொள்வோம். அமோனியா பாலுக்குச் செய்வதை இது மண்ணுக்குச் செய்கின்றது.

அமிலத்தின் வேலையைச் செய்வது எது? உங்கள் அச்சேதான். பிளாஸ்டர் நீரில் சிறிது சிறிதாகக் கரையக்கூடியது. அதிலிருந்து வரும் சுண்ணாம்புச் சத்து குழம்பில் கலந்து, மருந்தின் வலிமையைக் குறைத்து, துகள்களை ஒட்டச் செய்கின்றது. ஒருமுறை ஊற்றி வடித்தால் இக்கேடு மிகச் சிறிது. பத்து முறை, இருபது முறை அதே குழம்பு அச்சுக்குள் போய் வந்தால் அது சேர்ந்து பெருகிவிடும். பீப்பாயில் குழம்பு தடித்ததற்கு இது முதற்காரணம். மூடி சரியாக இல்லாமல் நீர் ஆவியாய்ப் போயிருத்தல் இரண்டாவது காரணம். கிணற்று நீரிலோ ஆற்று நீரிலோ உள்ள உப்பு மூன்றாவது காரணமாக இருக்கலாம். மழைநீரைத் தூய பாத்திரத்தில் பிடித்துப் பயன்படுத்துவது நன்று.

ஆனால் ஓரிடத்தில் உங்கள் தொழில் அனுபவமே உங்களை ஏமாற்றும். உறைந்த பால் மீண்டும் பாலாகாது. கட்டிப்பால் கட்டிப்பாலே, அதன் விலை வேறு, வழி வேறு. அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தடித்த மண்குழம்பும் ‘கெட்டுப்போன’ பொருளாகத் தோன்றுகின்றது. ஒரு தோட்டத்தில் இரண்டு பீப்பாய் நல்ல மண்ணை இவ்வெண்ணத்தினாலேயே கொட்டிவிட்டார்கள் என்று கேள்வியுற்றேன். மண் அத்தன்மையதன்று. சுடாத மண் எத்தனை முறை இறுகினாலும், எத்தனை முறை காய்ந்தாலும், மீண்டும் இளகும். என்ன குறை என்பதை மட்டும் நாம் கண்டுபிடித்தல் வேண்டும்.

தடித்துவிட்டது என்று கண்டவுடன் பலரும் முதலில் செய்வது நீரை ஊற்றுவதுதான். இதனைத்தான் நான் இன்று தடுக்க விரும்புகின்றேன். நீர் ஊற்றினால் குழம்பு ஓடும், உண்மைதான். ஆனால் அந்த நீர் முழுவதையும் அச்சு குடிக்கவேண்டும். அச்சு நனைந்துபோகும், தோல் படிய நேரம் பிடிக்கும், சாடி தொளதொளவென்று வரும், காயும்போது மிகுதியாகச் சுருங்கி வெடிக்கும். உலர்ந்த பட்டறைகளிலேயே இது தொல்லை. நம் நாட்டு ஈரக் காற்றில் கேட்கவே வேண்டாம். நீரை ஊற்றுமுன் நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

நிறுப்பதில் புதுமை ஒன்றுமில்லை. பால் ஸ்டோரில் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டுப் பாலில் உள்ள ரப்பரை அளந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். வாளியில் நீரைக் கலந்து பாலைப் பெருக்கலாம் என்று நினைத்தவரை மெட்ரோலாக் காட்டிக் கொடுத்துவிடும். (சிரிக்கின்றீர்கள், நான் யாரையும் குறிப்பிடவில்லை.) மண்குழம்பிற்கு அக்கருவியும் வேண்டுவதில்லை. ஒரு லிட்டர் கொள்ளும் குவளையும், சமையலறைத் தராசும் போதும். குவளையை வெறுமையாக நிறுத்து, தராசைச் சுழியத்திற்குக் கொண்டுவந்து, நன்கு கலக்கிய குழம்பைச் சரியாக ஒரு லிட்டர் ஊற்றுங்கள். நீராக இருந்தால் 1,000 கிராம் இருக்கும். நல்ல வார்ப்புக் குழம்பு 1,750 முதல் 1,800 கிராம் வரை இருக்கவேண்டும்.

இது எவ்வளவு நீர் உள்ளது என்பதை மட்டும் சொல்லும். மருந்து போதுமா என்பதைச் சொல்லாது. அதற்கு இன்னொரு சோதனை. பால் டின் ஒன்றை எடுத்துக் கழுவி, அடியின் நடுவில் 4 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு துளை இடுங்கள். துளையை விரலால் அடைத்துக் குழம்பை நிரப்பி, விரலை எடுத்தவுடன் கடிகாரத்தைப் பாருங்கள். டின் காலியாக எத்தனை விநாடி ஆகின்றது? புதுக் குழம்பு வந்த அன்றே இதனைச் செய்து, அந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்தல் வேண்டும். ஒவ்வொரு டின்னுக்கும் அதனதன் எண் உண்டு. அடுத்த தோட்டத்தின் எண் உங்களுக்கு உதவாது. பின்னர் அதே குழம்பைப் பதினைந்து நிமிடம் அசையாமல் வைத்து மீண்டும் ஒருமுறை பாருங்கள். இரண்டாம் முறை சிறிது மெதுவாக ஓடுவது இயல்பு. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகுமாயின் மருந்து குறைந்துள்ளது என்று கொள்ளலாம்.

இன்று காலை, உங்கள் மூன்று பீப்பாய்களையும் நன்கு கலக்கி இவ்வாறு சோதித்தோம். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 20 லிட்டர் உள்ளது. மூன்றும் தடித்தவைதாம்; மூன்றும் டின்னிலிருந்து மெதுவாகவே வடிந்தன. ஆயினும் மூன்றுக்கும் காரணம் வேறு.

மூன்றாவது பீப்பாயின் மூடி விரிசல் கண்டது. அதன் குழம்பு லிட்டருக்கு 1,820 கிராம் இருந்தது. நீர் போயிருக்கின்றது, அவ்வளவே. இங்கு நீர் சேர்ப்பது சரி. 1,750 கிராமுக்கு இறங்க ஏறத்தாழ 1.9 லிட்டர் நீர் வேண்டியிருக்கும். ஒரே தடவையில் ஊற்றாமல், முதலில் ஒரு லிட்டர் சேர்த்துக் கலக்கி நிறுத்துப் பார்த்து, பிறகு மிச்சத்தைச் சேர்த்தல் நலம்.

இரண்டாவது பீப்பாய் 1,760 கிராம். எடை சரியாக இருக்கின்றது, ஓட்டம்தான் இல்லை. இதற்கு ஒரு சொட்டு நீரும் சேர்த்தல் கூடாது. இளக்கு மருந்துதான் வேண்டும். சோடியம் சிலிகேட்டைச் சம அளவு வெந்நீரில் கரைத்து, 10 லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி வீதம் விட்டு, பத்து நிமிடம் நன்கு கலக்கி, டின் சோதனையைச் செய்யுங்கள். போதாவிட்டால் இன்னும் அரைத் தேக்கரண்டி. அவசரம் வேண்டாம். மருந்து அளவுக்கு மேல் போனாலும் குழம்பு கெடும். அக்கேடு மருந்துக் குறையைவிடத் தொல்லையானது. குழம்பு தேனைப்போல் நூல் இழுக்கும். மேலே ஆடை படியும். அடியில் மண் கல்லைப்போல் தங்கும். வார்த்த சாடி அச்சில் ஒட்டிக்கொள்ளும். அந்நிலையில் மேலும் மருந்து விட்டால் தடிப்பு மிகுமே தவிரக் குறையாது. போட்ட மருந்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. மருந்து குறைந்த வேறு குழம்பை அதனோடு கலந்து சமன் செய்வது ஒன்றே எளிய வழி.

முதற்பீப்பாய்தான் கவனத்திற்குரியது. அதன் எடை 1,690 கிராம். நீர் மிகுதியாக இருக்கின்றது, ஆயினும் ஓடவில்லை! நடந்தது இதுவாகத்தான் இருக்கவேண்டும்: பலமுறை அச்சுக்குள் போய் வந்து தடித்தது, யாரோ நீர் ஊற்றினார்கள், சிறிது காலம் ஓடியது, மறுபடியும் தடித்தது, மறுபடியும் நீர். நோய் ஒன்று, மருந்து வேறு. இதற்கு முதலில் மண் சேர்த்தல் வேண்டும். நன்றாகக் காய்ந்த, பொடித்த மண் துண்டு மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் சேர்த்தால் எடை ஏறிச் சரியாகிவிடும். அதன் பிறகே இளக்கு மருந்து. அப்படியும் இதனைத் தனியே வார்க்க வேண்டாம். புதுக் குழம்பு மூன்று வாளிக்கு இது ஒரு வாளி என்ற கணக்கில் கலந்து பயன்படுத்துங்கள். பழையது நான்கில் ஒரு பங்கு இருந்தால் தொல்லையில்லை. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் சாடிகள் அதைச் சொல்லிவிடும்.

குழம்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை முறிப்பதற்குப் பேரியம் கார்பனேட் என்னும் ஒரு பொடியைப் பெரிய தொழிற்சாலைகள் கையாளுவதுண்டு. அதை வாங்கித் தரட்டுமா என்று யாரேனும் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எலியைக் கொல்லப் பயன்பட்ட நஞ்சு அது. பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தில் அதற்கு இடமில்லை.

அடுத்து, துண்டுகள். ஒட்டுப்பாலை யாரும் வீசுவதில்லை. அதில் பட்டையும் மண்ணும் கலந்தால் விலை குறையும் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். மண் துண்டுக்கும் அதே சட்டம். சீவல், விளிம்பு, உடைந்த பச்சைச் சாடி ஆகிய அனைத்தையும் ஒரு தட்டில் பரப்பி முற்றிலும் காயவிடுங்கள். அரை ஈரமாக இருக்கும் துண்டை நீரில் போட்டால் அது நாள் கணக்கில் கரையாது. நடுவில் கட்டி நிற்கும். எலும்புபோல் காய்ந்த துண்டு நீரில் விழுந்தவுடன் குமிழி விட்டுப் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். ஈரமாயிருப்பது எளிதில் கரையும் என்று மனம் சொல்லும். மண்ணோ நேர்மாறாக நடந்துகொள்ளும்.

காய்ந்த துண்டு 10 கிலோவுக்கு ஏறத்தாழ நாலே கால் முதல் நாலரை லிட்டர் நீர் போதும். நீரில் முதலில் சிறிது மருந்தைக் கரைத்துக்கொள்ளுங்கள். புதிய மண்ணாயின் 10 கிலோவுக்கு 30 கிராம் அளவில் மருந்து வேண்டும். துண்டுகளிலோ பழைய மருந்து பெரும்பாலும் தங்கியிருக்கும். ஆகவே 10 கிராமிலிருந்து தொடங்குதல் தகும். துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் கலக்கி, 80 கண் சல்லடையில் வடிகட்டுங்கள். கலக்கும்போது காற்றை உள்ளே அடிக்க வேண்டாம். மத்தால் மோர் கடைவதுபோல் கடைந்தால் நுரை புகுந்து, சாடியெங்கும் ஊசித்துளைகள் தோன்றும். கலக்கிய குழம்பு ஓர் இரவு அமைதியாக இருந்தால் காற்று வெளியேறிவிடும்.

மூன்று வகைத் துண்டுகளைப் பீப்பாயில் சேர்க்கவே கூடாது. அச்சிலிருந்து உதிர்ந்த பிளாஸ்டர் துணுக்கு ஒட்டிய துண்டு முதலாவது. அது குழம்பைத் தடிக்கச் செய்வதோடு நில்லாது. சூளையில் சுட்டபின் அத்துணுக்கு காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பெருத்து, விற்றுப் பல நாள் சென்ற பின்னர்ச் சாடியின் மேற்புறத்தைச் சில்லாகப் பெயர்த்துவிடும். வாங்கியவர் மறுமுறை வருவாரா? நிறப்பொடி கலந்த துண்டு இரண்டாவது. இரும்பு வாளியின் துரு பட்ட துண்டு மூன்றாவது. ஒரு சிறு துரு வெள்ளைச் சாடியில் கரும்புள்ளியாக நிற்கும். வாளி, கரண்டி, மூடி யாவும் பிளாஸ்டிக்காக இருத்தல் நன்று.

குழம்பைப் பேணியும் அச்சைப் பேணாவிட்டால் பயனில்லை. காய்ந்த அச்சே குடிக்கும். ஒவ்வோர் அச்சையும் நன்றாகக் காய்ந்திருக்கும்போது நிறுத்து, அந்த எடையை அதன் பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். மறுநாள் அது அரைக் கிலோ கூடுதலாக இருந்தால் அரை லிட்டர் நீர் அதற்குள் தங்கியிருக்கின்றது என்று பொருள். தொட்டுப் பார்த்து ஊகிப்பதைவிட இது திட்டமானது. ஒரு நாளில் இரண்டு முறை, மிஞ்சினால் மூன்று முறை வார்க்கலாம். அதற்கு மேல் அச்சை வருத்தக்கூடாது.

அச்சைக் காயவைக்க அடுப்பருகே வைப்பவர்கள் உண்டு. நண்பகல் வெயிலில் தகரக் கூரைமேல் வைப்பவர்களும் உண்டு. 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பிளாஸ்டர் தன் கட்டுநீரை இழக்கத் தொடங்கும். விளிம்புகள் மாவாக உதிரும். அந்த மாவு குழம்பில் விழும். மேலே சொன்ன தொல்லைகள் எல்லாம் வரிசையாக வரும். நிழலில் நிறுத்தி, இரண்டு பாதிகளையும் பொருத்தி இரப்பர்ப் பட்டையால் கட்டி, மின்விசிறிக் காற்றைப் படவிடுங்கள். பிரித்துக் காயவைத்தால் பாதிகள் கோணிக்கொள்ளும். அச்சின் வெளிப்புறத்தில் வெண்மையாகப் பூப்பது மருந்திலிருந்து வந்த உப்பு. அதைக் கழுவாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். உட்புறத்தில் எண்ணெயோ சவர்க்காரமோ படவே கூடாது.

எவ்வளவு பேணினாலும் அச்சு தேயும். தொழிற்சாலைகளில் நூறு வார்ப்பு அளவில் அச்சை மாற்றிவிடுகின்றார்கள். ஆகவே எத்தனையாவது வார்ப்பு என்பதை ஒரு குறிப்பேட்டில் கோடு போட்டு வருதல் வேண்டும். அதே ஏட்டில் பீப்பாயின் எடை, டின் விநாடி, சேர்த்த மருந்து, தேதி ஆகியவற்றையும் எழுதுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றை இதற்குக் கணக்கராக வைத்துக்கொள்ளலாம். பிள்ளைக்கும் நல்ல பயிற்சி.

இப்பொழுது சொல்லப்போவது பணத்தைப் பற்றியதன்று. களிமண்ணில் சிலிக்கா என்னும் பொருள் கலந்திருக்கின்றது. ஈரமாக இருக்கும்வரை தீங்கில்லை. காய்ந்து தூசியாகி மூச்சோடு நுரையீரலுக்குள் போனால், அங்கேயே தங்கி, பல ஆண்டுகளில் ‘சிலிக்கோசிஸ்’ என்ற நோயை உண்டாக்கும். அந்நோய்க்கு முற்றாகக் குணம் தரும் மருந்து இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய தூசியே மிகுந்த கேடு விளைப்பது. ஆகவே தரையில் சிந்திய குழம்பு காயுமுன் ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். விளக்குமாற்றால் பெருக்குவது அறவே கூடாது. காய்ந்த சாடியின் விளிம்பை மணல்தாளால் தேய்க்காமல், ஈரப் பஞ்சால் நீவுங்கள். துண்டுகளைப் பொடிக்கும்போது அவற்றை ஒரு பிளாஸ்டிக் பையிலிட்டு வாயைக் கட்டி, பையின் மேல் தட்டுங்கள். மூக்கையும் வாயையும் தகுந்த முகக்கவசத்தால் மூடிக்கொள்ளுங்கள். வேலைத் துணியோடு வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்க வேண்டாம், தாய்மார்களே! அத்துணியை இங்கேயே கழற்றி நனைத்துவிட்டுப் போங்கள்.

கை, கரண்டி, சல்லடை ஆகியவற்றைக் குழாயடியில் கழுவுவதும் தவறு. லயத்துக் கால்வாயில் மண் படிந்து இறுகினால், மழை நாளில் நீர் வீட்டு வாசலுக்கு ஏறும். மூன்று வாளிகளை வரிசையாக வைத்து, முதல் வாளியில் கழுவி, இரண்டாவதில் அலசி, மூன்றாவதில் தூய்மை செய்யுங்கள். மறுநாள் முதல் வாளியின் அடியில் படிந்திருக்கும் மண், தூய்மையாக இருந்தால் துண்டுகளோடு சேர்ந்துவிடும். மேலே தெளிந்த நீர் மீண்டும் கழுவுவதற்கு உதவும். வாளிகளுக்கு மூடி இருக்கவேண்டும். தேங்கிய நீர் ஏடிஸ் கொசுவிற்குத் தொட்டில் என்பதைச் சுகாதாரப் பகுதியினர் உங்களுக்குப் பலமுறை சொல்லியிருப்பார்கள். அச்சு வார்க்கப் போய் டிங்கிக் காய்ச்சலை வளர்த்தார்கள் என்ற பெயர் நமக்கு வேண்டாம்.

தீபாவளிக்கு முன் விளக்கு வேலை மும்முரமாக இருக்கும். தீபாவளி முடிந்தால் இரண்டு கிழமை யாரும் இப்பக்கம் வரமாட்டீர்கள். விடுமுறைக்கு முன் பீப்பாயின் உட்சுவரில் ஒட்டிக் காய்ந்த மண்ணை வழித்தெடுத்துத் துண்டுகளோடு போடுங்கள். அது உள்ளே விழுந்தால் கட்டியாகிவிடும். குழம்பின் மேல், காற்று இடையில் இல்லாதபடி ஒரு பிளாஸ்டிக் தாளைப் படியப் பரப்பி, அதற்கு மேல் மூடியை இறுக்குங்கள். மூன்றாவது பீப்பாய்க்குப் புது மூடி வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்து திறக்கும்போது குழம்பு தயிர்போல் உறைந்திருக்கும். அஞ்ச வேண்டாம், நீர்க்குவளையையும் எடுக்க வேண்டாம். அசையாமல் இருந்த குழம்பு அப்படித்தான் இறுகும். கோலை விட்டு அடிவரை பத்து நிமிடம் கலக்கினால் இளகிவிடும். கலக்கிய பின்னரே லிட்டர்க் குவளையும், தராசும், பால் டின்னும்.